உப்பு குறைந்தால் போட்டுக்கொள்ளலாம்

2014 ஜூனில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்த அன்று, கல்லூரி அலுவலகத்தில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் இரண்டு கேள்விகள். தமிழ்வழியா, ஆங்கில வழியா? அலைடு பாடம், அதாவது மேஜரோடு சேர்த்துப் படிக்கும் துணைப்பாடம், கணிதமும் இயற்பியலுமா, தாவரவியலும் விலங்கியலுமா? மறுநாள் காலை பத்து மணிக்குள் நிரப்பித் தர வேண்டும். விளக்கம் கேட்கலாம் என்று பார்த்தால் என் பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முதுநகருக்குப் பேருந்து ஏறினேன்.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில். அப்பாவுக்குத் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் ஆலையில் வேலை. அம்மா ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமையலர். நான் டீச்சர் ஆக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. தினமும் அந்தப் பள்ளியில் டீச்சர்கள் வருவதையும் போவதையும் பார்ப்பவர் அவர். "மழையோ வெயிலோ, அவங்க வந்தா எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க. நீ அந்தப் பக்கம் நிக்கணும்" என்பார். பெரியப்பா சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயன ஆலையில் பாய்லர் ஆபரேட்டராக இருந்தவர். அவருடைய எண்ணம் வேறு. "லேப்ல கெமிஸ்டா போம்மா. மாசம் பொறந்தா சம்பளம். வாத்தியார் வேலைக்கு எத்தனை வருஷம் காத்துக் கெடப்ப?" என்று கேட்டார்.

எனக்கு இரண்டுமே பிடித்திருந்தது. இரண்டும் பிடிக்காமல் இருந்திருந்தால்கூட யாராவது சொன்னதைச் செய்திருப்பேன். இரண்டும் பிடித்துப்போய், இரண்டுக்கும் வீட்டில் ஒருவர் ஆதரவாக நிற்கும்போது ஒன்றைத் தொட்டால் இன்னொருவரை விட்டுவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. இந்த நிலையில் இப்போது இருக்கும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று இரவு அம்மா சங்கரா மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். நான் உப்பு டப்பாவை எடுத்தேன். "குறைச்சே போடு. குறைஞ்சா அப்புறம் போட்டுக்கலாம், கூடிட்டா எடுக்க முடியாது" என்றார். எத்தனையோ முறை கேட்ட வார்த்தைதான். ஆனால் பையில் அந்தத் தாள் இருந்ததால் அன்று அது வேறு மாதிரி காதில் விழுந்தது. சாப்பிட்டு முடித்ததும் ஒரு நோட்டை எடுத்து, இந்தத் தாளில் எதை இப்போது விட்டால் அப்புறம் சேர்த்துக்கொள்ள முடியாது, எதை எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதிப் பார்த்தேன். 'எந்த வேலை நல்ல வேலை' என்ற கேள்வியை அன்று தொடவே இல்லை. அதற்குப் பதில் தெரிய எனக்கு வயதும் இல்லை, அனுபவமும் இல்லை.

முதலில் வழி. தமிழ்நாட்டில் அரசு வேலை நியமனங்களில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து நான் தமிழ்வழி. பட்டப்படிப்பையும் தமிழ்வழியில் முடித்தால் ஆசிரியர் வேலைக்கு அது கைகொடுக்கும். சிப்காட் லேபுக்கோ ஆங்கிலம் வேண்டும். அங்கே பதிவேடு முழுவதும் ஆங்கிலம்தான் என்று பெரியப்பா சொல்லியிருந்தார். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் சமம் போலத் தெரியும். சமமில்லை. ஆங்கிலத்தை எந்த வயதிலும் கற்றுக்கொள்ளலாம். மூன்று வருடம் தமிழ்வழியில் படித்தேன் என்ற சான்றிதழை அந்த மூன்று வருடம் கடந்த பிறகு எங்கே போய் வாங்குவது? தமிழ்வழிக்கு டிக் போட்டேன்.

2020-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, பள்ளிப் படிப்பிலிருந்தே தமிழ்வழியாக இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். பள்ளியில் ஆங்கில வழியில் படித்துவிட்டு, இந்த முன்னுரிமைக்காகவே கல்லூரியில் தமிழ்வழிக்கு வந்த என் வகுப்புத் தோழி ஒருத்திக்கு அது பெரிய அடி. அவள் அழுதபடி போனில் பேசியது இன்னும் நினைவில் இருக்கிறது. விதி மாறும். ஒரே ஒரு விதியை மட்டும் நம்பி மூன்று வருடப் படிப்பைத் திட்டமிடக் கூடாது என்று அவளுக்கு நடந்ததைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

தமிழ்வழியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு நீள நோட்டு வாங்கி நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் பாடப்புத்தகச் சொல். வலது பக்கம் அதே சொல்லின் ஆங்கிலம், உச்சரிப்போடு. தரம்பார்த்தல் என்றால் டைட்ரேஷன், வீழ்படிவு என்றால் பிரெசிபிடேட், நிறங்காட்டி என்றால் இண்டிகேட்டர், வினைவேகமாற்றி என்றால் கேட்டலிஸ்ட். ஒரு நாளைக்கு ஐந்து சொற்கள். இரண்டாம் வருடத்திலிருந்து செய்முறைப் பதிவேட்டில் அன்று செய்ததை ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதி வேதியியல் மேடத்திடம் காட்டுவேன். பிழை திருத்தித் தருவார். நேர்முகத் தேர்வில் என்னைக் காப்பாற்றியது இந்த நோட்டுதான். தமிழ்வழியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான். தமிழ்வழியை விட வேண்டாம், இந்த நோட்டையும் விட வேண்டாம்.

அடுத்து அலைடு. பிளஸ் டூவில் கணிதத்தில் 200-க்கு 118. தெருவில் இருந்த அண்ணன்கள் எல்லோரும் "கணிதம் எடுத்தா அரியர்தான், பேசாம தாவரவியல் விலங்கியல் போ" என்றார்கள். ஆனால் சில பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்சி. வேதியியல் சேர, இளநிலையில் கணிதமும் இயற்பியலும் துணைப்பாடமாக இருந்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். எங்கள் பள்ளியின் வேதியியல் சார் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். தாவரவியல் விலங்கியல் பக்கம் போய்விட்டு அப்புறம் கணிதத்தைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வழியில்லை. உயிரியல் சார்ந்த மேல்படிப்புக்குப் போகிறவர்களுக்கு மற்ற ஜோடி நல்லது. எனக்கு அந்தப் பக்கம் போகும் எண்ணம் இல்லை என்பது மட்டும் உறுதியாகத் தெரியும். கணிதம் எடுத்தேன்.

அண்ணன்கள் சொன்னது பலித்தது. முதல் செமஸ்டரில் அலைடு கணிதத்தில் 75-க்கு 27. தேற 30 வேண்டும். மூன்று மதிப்பெண்ணில் அரியர். வீட்டில் இரண்டு நாள் சொல்லவில்லை. அப்புறம் பக்கத்துத் தெருவில் பி.எஸ்சி. கணிதம் படித்த அக்காவிடம் வாரம் மூன்று நாள் மாலையில் உட்கார்ந்து, அணிகளும் ஃபூரியர் தொடரும் முதலிலிருந்து படித்தேன். ஏப்ரலில் 48 எடுத்துத் தேறினேன். கடினமான பாடம் என்பதற்காக ஒரு வழியை அடைத்துவிடாமல் இருந்தது நல்லதாயிற்று. ஆனால் அப்படி ஒரு பாடத்தை எடுக்கிறவர்கள் உதவிக்கு ஆளை முதல் மாதத்திலேயே தேடிக்கொள்ள வேண்டும். அரியர் விழுந்த பிறகு தேடியது என் தவறு.

மூன்று வருடம், ஆறு செமஸ்டர், 140 கிரெடிட். இந்த எண்ணைப் பார்த்ததும் எல்லாவற்றையும் நாமே தேர்ந்தெடுக்கலாம் போலத் தோன்றும். உண்மையில் பெரும்பகுதி நமக்காக முன்பே முடிவாகிவிட்டது. தமிழ், ஆங்கிலம், மேஜர், சுற்றுச்சூழல் கல்வி எல்லாம் அப்படியே வரும். நம் கையில் இருப்பது வழி, அலைடு, எலெக்டிவ், என்.எம்.இ. (மேஜருக்கு வெளியே எடுக்கும் விருப்பப்பாடம்), புராஜெக்ட், அப்புறம் கோடை விடுமுறை. என்.எம்.இ. பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். பிடித்த ஆசிரியர் எடுப்பதைப் படிக்கலாம். எலெக்டிவில்தான் ஒரு விஷயம் இருக்கிறது. பாடத்திட்டத்தில் மூன்று பெயர் போட்டிருக்கும். எதை நடத்த ஆசிரியர் இருக்கிறாரோ அதுதான் வகுப்புக்கு வரும். இதைத் தெரிந்துகொண்டு நான்காம் செமஸ்டரிலேயே நாங்கள் எட்டுப் பேர் துறைத் தலைவரைப் போய்ப் பார்த்து, பகுப்பாய்வு வேதியியல் வைக்கும்படி கேட்டோம். அடுத்த வருட அட்டவணை போடும் முன்பே கேட்டதால் கிடைத்தது. ஜூனில் போய்க் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

பட்டத்தின் பெயரையும் கவனிக்க வேண்டும். பழைய 'பி.எஸ்சி. வேதியியல்' என்ற பெயரைவிடக் கவர்ச்சியான பெயர்களில் பல படிப்புகள் இருக்கின்றன. பாடம் நன்றாகவே இருக்கலாம். ஆனால் அரசு வேலைக்கான அறிவிப்பில் 'வேதியியல் பட்டம்' என்று இருந்தால், வேறு பெயரில் உள்ள பட்டம் அதற்கு இணையானது என்று இணைத்தன்மை அரசாணை இருக்க வேண்டும். எங்கள் தெரு அக்கா ஒருவர் தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போன இடத்தில் அந்த அரசாணையைக் கேட்டார்கள். அப்படி ஒன்று தேவை என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். படிப்பில் சேரும் முன் கல்லூரி அலுவலகத்தில் "இதற்கு இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா, நகல் கொடுங்கள்" என்று கேளுங்கள். நகல் கையில் வராத வரை, இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இதெல்லாம் இரண்டு வழியும் அடைபடாமல் பார்த்துக்கொண்ட கதை. எதில் போவது என்பதை எப்போதாவது முடிவு செய்தாக வேண்டுமே.

இரண்டாம் வருடத்தில் மாலை ட்யூஷன் ஆரம்பித்தேன். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேர் எங்கள் வீட்டுத் திண்ணையில். சொல்லிக்கொடுப்பது எனக்கு வந்தது. ஒரு பெண், சமன்பாட்டைச் சமன் செய்யத் தெரியாமல் இருந்தவள், ஒரு நாள் தானாகவே செய்து நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அந்த முகத்தை மறக்க முடியாது. ஆனால் ட்யூஷன் எடுப்பதும் டீச்சர் வேலையும் ஒன்றில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அம்மாவின் பள்ளியில் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு ஐந்து நாள் ஓர் அறிவியல் டீச்சருடன் இருந்தேன். காலை ஒன்பதிலிருந்து மாலை வரை அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துக் குறித்தேன். பாடம் எடுத்தது நாளுக்கு நான்கைந்து பீரியடு. மீதி நேரம் வருகைப்பதிவு, உதவித்தொகைப் படிவம், எமிஸ் என்ற பள்ளிக்கல்வி இணையதளத்தில் பதிவு, மூன்று நாளாக வராத பையனின் அம்மாவுக்குப் போன், தேர்வுத்தாள் திருத்துதல். அந்த டீச்சர் இதையெல்லாம் சலிக்காமல் செய்தார். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசும் அறையில் அவர் குரல் உயரவே இல்லை. நானோ மூன்றாம் நாளே களைத்துவிட்டேன்.

அடுத்தது லேப். 2016 மே மாதம் பெரியப்பா வழியாகச் சிப்காட்டில் ஓர் ஆலையின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் 30 நாள் பயிற்சி. சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு மட்டும். சிதம்பரம் சாலையில் அந்தப் பக்கம் போன எல்லோருக்கும் அந்த வாடை தெரியும். காற்று மாறினால் முதுநகர் வரை வரும். சின்ன வயதிலிருந்து அந்த வாடையோடும் உப்பனாற்றோடும் வளர்ந்தவள், அதனால் உள்ளே போகும்போது எனக்குள் ஒரு தயக்கம் இருந்தது.

கல்லூரி லேபும் ஆலை லேபும் ஒன்றில்லை என்று முதல் நாளே தெரிந்தது. கல்லூரியில் தரம்பார்த்தலில் விடை கொஞ்சம் தள்ளி வந்தால் ஒரு மதிப்பெண் குறையும். இங்கே ரியாக்டரில் ஆயிரக்கணக்கான லிட்டர் சரக்கு காத்திருக்கும், உற்பத்திப் பிரிவிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "ரிசல்ட் வந்துச்சா?" என்று போன் வரும். எத்தனை முறை போன் வந்தாலும் அவசரப்படாமல் இருப்பதுதான் அங்கே முதல் தகுதி. பி.எச். மீட்டரைத் தினமும் காலையில் பஃபர் கரைசல் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் வேலை தொடங்கும். கார்ல் ஃபிஷர் கருவியில் ஈரப்பதம் பார்ப்பார்கள். கலவையில் இருப்பதைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி ஓடும்போது, வரைபடத்தின் அடிக்கோடு (பேஸ்லைன்) நேராக வரும்வரை காத்திருக்க வேண்டும். பதிவேட்டில் எண்ணைத் தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. படிக்க முடிகிற மாதிரி ஒரே கோடு அடித்து, பக்கத்தில் சரியான எண்ணும் கையெழுத்தும் தேதியும். தவறு செய்ததும் தெரிய வேண்டும், திருத்தியதும் தெரிய வேண்டும். அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது.

மூன்றாம் வாரம் கழிவுநீர் மாதிரி பார்க்க விட்டார்கள். சி.ஓ.டி. சோதனை, அதாவது நீரில் உள்ள கழிவை ஆக்சிஜனேற்றம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று பார்ப்பது. டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்க வைத்து, ஆறிய பிறகு ஃபெரோயின் நிறங்காட்டி போட்டுத் தரம்பார்க்க வேண்டும். நீலப்பச்சை ஒரே சொட்டில் செம்பழுப்பாகும். லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வெளியே விடக் கூடாது. எனக்கு 310 வந்தது. மறுபடி செய்யச் சொன்னார்கள். மறுபடியும் 300-ஐத் தாண்டியது. மூத்த கெமிஸ்ட் அண்ணன் எதுவும் பேசாமல் அந்த எண்ணை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தொட்டி நீர் திரும்பச் சுத்திகரிப்புக்குப் போனது. எங்கள் ஊர்ப் பக்கம் வரும் தண்ணீர் இது. இந்த எண்ணை உள்ளபடி எழுத ஓர் ஆள் இங்கே இருந்தே ஆக வேண்டும் என்று அன்று பேருந்தில் வரும்போது நினைத்துக்கொண்டே வந்தேன்.

பள்ளியில் இருந்த ஐந்து நாளும் லேபில் இருந்த 30 நாளும் தினமும் இரவு இரண்டே வரி எழுதினேன். இன்று எந்த வேலை செய்யும்போது நேரம் போனது தெரியவில்லை? எந்த வேலையில் கடிகாரத்தைப் பார்த்தேன்? அவ்வளவுதான். 'பிடித்ததா' என்று கேட்டால் மனசு அன்றைய சாப்பாட்டுக்கு ஏற்ற மாதிரி பதில் சொல்லும். கடிகாரத்தைப் பார்த்தேனா இல்லையா என்பதில் பொய் சொல்ல முடியாது.

அந்தக் கோடையில் இரண்டு வேலையிலும் இருப்பவர்கள் ஐந்து பேரைத் தேடிப்போய்ப் பேசினேன். "வேலை எப்படி இருக்கு?" என்று கேட்டால் எல்லோரும் "பரவாயில்லம்மா" என்றுதான் சொல்கிறார்கள். "நேத்து காலையில போனதிலிருந்து என்னென்ன செஞ்சீங்க?" என்று கேட்டால் உண்மை வருகிறது. இன்னொரு நல்ல கேள்வி: "உங்களோட சேர்ந்தவங்கள்ல யாரு விட்டுட்டுப் போனாங்க, எதுக்குப் போனாங்க?" லேபில் இருந்தவர்கள் ஷிஃப்ட், கரைப்பான் வாடை, சம்பளம் மெதுவாக ஏறுவது ஆகியவற்றைச் சொன்னார்கள். பள்ளிப் பக்கம் சொன்னது ஒன்றே ஒன்று: காத்திருப்பு.

அந்தக் காத்திருப்பை நோட்டில் எழுதிப் பார்த்தேன். பி.எட். படிப்பு 2015 முதல் இரண்டு வருடம் ஆகிவிட்டது. எல்லோருக்குமான ஆசிரியர் தகுதித் தேர்வு 2013-க்குப் பிறகு நடக்கவே இல்லை. 2017 ஏப்ரலில்தான் மறுபடி நடந்தது. அப்போது நான் ஆறாம் செமஸ்டரில் இருந்தேன். (பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த தகுதித் தேர்வு 2019 ஜூனில். அதற்கடுத்ததன் அறிவிப்பு 2022-ல் வந்தது, பட்டதாரி ஆசிரியருக்கான இரண்டாம் தாள் 2023 பிப்ரவரியில் நடந்தது. தகுதித் தேர்வில் தேறினாலும் நியமனத்துக்குத் தனியாகப் போட்டித்தேர்வு என்று 2018-ல் அரசாணை வந்தது. பட்டதாரி ஆசிரியருக்கான அந்தப் போட்டித்தேர்வு 2024 பிப்ரவரியில் நடந்தது.) இடைப்பட்ட வருடங்களைத் தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்தில் கடக்க வேண்டும். பலர் கடந்திருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அப்போதே இடுப்பு வலி, தம்பி பத்தாவது. எங்களால் காத்திருக்க முடியாது.

இறுதியாண்டுப் புராஜெக்ட்டை இரண்டு வேலைக்கும் உதவுகிற மாதிரி தேர்ந்தெடுத்தேன். 2015 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பகுதியில் அடிபம்புத் தண்ணீர் ருசி மாறிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். முதுநகரில் 12 இடங்களில் தண்ணீர் எடுத்து, கடினத்தன்மையும் குளோரைடும் பார்த்தேன். பழைய புராஜெக்ட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்திருந்தாலும் மதிப்பெண் வந்திருக்கும்தான். ஆனால் நேர்முகத் தேர்வில் அரை மணி நேரம் என்னிடம் கேட்ட எல்லாக் கேள்வியும் இந்த 12 பாட்டில் தண்ணீர் பற்றித்தான். நானே செய்தது என்பதால் எதற்கும் தடுமாறவில்லை.

2017 ஜூனில் லேப் வேலையில் சேர்ந்தேன். அம்மாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு நாள் வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினார். நான் காட்டிய கணக்கு அவருக்குப் புரிந்தது, ஆனால் மனசு ஏற்கவில்லை. "பி.எட். எப்ப வேணும்னாலும் படிக்கலாம்மா, அதை விட்டுடலை" என்றேன். அது சமாதானத்துக்குச் சொன்னதில்லை. எம்.எஸ்சி. முடித்தால் அதோடு பி.எட். சேர்த்து முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம், 55 சதவீதம் இருந்தால் நெட், செட் எழுதிக் கல்லூரிப் பக்கமும் போகலாம், ஆய்வகத்திலும் எம்.எஸ்சி.க்கு மதிப்பு உண்டு. இரண்டு வழியும் கொஞ்ச தூரம் ஒன்றாகவே போகின்றன. அந்தப் பொதுவான தூரத்தை முதலில் நடந்துவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

முதல் கம்பெனியில் பயிற்சியாளர் என்ற பெயரிலேயே இரண்டு வருடம் வைத்திருந்தார்கள். சேரும்போது பணி நிரந்தரம் எப்போது என்று எழுத்தில் கேட்காதது என் குறை. விலகிய பிறகு அனுபவச் சான்றிதழ் வாங்க நான்கு மாதம் அலைந்தேன். சேரும் அன்றே நியமனக் கடிதம், பி.எஃப். எண், பயிற்சிக்காலம் எவ்வளவு என்ற வரி மூன்றும் கையில் இருக்க வேண்டும். 2019-ல் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பித்தபோது, நான் ஆசைப்பட்ட துறை அலைடு கணிதம், இயற்பியல் கேட்டது. ஐந்து வருடத்துக்கு முன் போட்ட அந்த டிக் அன்று வேலை செய்தது. சேமித்த பணத்தில் படித்தேன். 2021-ல் முடித்துவிட்டு மறுபடி ஆய்வகம். இப்போது சிப்காட்டிலேயே வேறோர் ஆலையில் பகுப்பாய்வுப் பிரிவில் இருக்கிறேன். தமிழ்வழிச் சான்றிதழ் இன்னும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அதை இதுவரை பயன்படுத்தவில்லை. அதற்காக அன்று எடுத்த முடிவு வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

போன பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளன்று அம்மாவின் பள்ளிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேசச் சொன்னார்கள், பேசுவதைவிடச் செய்து காட்டுகிறேன் என்றேன். தண்ணீரின் கடினத்தன்மை பார்க்க பியூரெட், ஈ.டி.டி.ஏ. கரைசல், பஃபர், எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டி எல்லாம் எடுத்துப்போனேன். பள்ளி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் 50 மில்லி எடுத்து, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்தேன். ஒயின் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஊதாவாகி, ஒரு சொட்டில் நீலமானது. ஒரு பையன் "மிஸ், நான் ஒரு தடவை" என்று கேட்டான். அவன் கையில் கொடுத்தேன். அவனுக்கும் எனக்கு வந்த அதே 26 மில்லி ஈ.டி.டி.ஏ.தான். கணக்கைக் கரும்பலகையில் அவர்களையே போடச் சொன்னேன். கடினத்தன்மை லிட்டருக்கு 520 மில்லிகிராம். குடிநீருக்கு 200 வரை நல்லது, வேறு வழி இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சமையல்கூட வாசலில் அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இவ்வளவு இருந்தால் சோப்பு நுரைக்காது, பருப்பு சீக்கிரம் வேகாது என்று பிள்ளைகளிடம் சொன்னதும் அங்கிருந்தே குரல் வந்தது.

"அதைத்தானே டீச்சர் நான் நாலு வருஷமா சொல்றேன், இந்தத் தண்ணியில பருப்பு வேக மாட்டேங்குதுன்னு!"

தலைமையாசிரியர் அந்த எண்ணை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். சமையலுக்கு வேறு தண்ணீர் கேட்டு மாநகராட்சிக்கு மனு எழுதப்போகிறாராம். எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டுக் கொடுத்தேன். அம்மா வந்து அந்தத் தாளை ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார்.